டபிள்யூசி கட்டளையைத் தமிழ் எழுத்து எண்ண வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் டைப்பிங், அழைப்பிதழ், பெயர்ப்பலகை எல்லாம் சேர்த்துச் செய்யும் சின்னக் கடை எங்களுடையது. கடைக் கணினியில் ஓடுவது லினக்ஸ். வரி, சொல், எழுத்து எண்ணிச் சொல்லும் டபிள்யூசி என்ற குட்டிக் கட்டளையின் சோர்ஸ் கோடில் (அதை எழுதிய மூல நிரலில்) கைவைத்து, தமிழ் எழுத்தை நாம் பள்ளியில் எண்ணிய மாதிரியே எண்ண வைத்திருக்கிறேன். குன்னூரிலும் கூடலூரிலும் இதே தொழில் செய்கிற நண்பர்கள், ஊட்டியில் படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து எண்ண எதற்கு அண்ணா ஒரு நிரல்?

அக்ரிலிக் எழுத்து வெட்டி ஒட்டும் போர்டுக்கும் சரி, கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டுவதற்கும் சரி, கூலி எழுத்துக் கணக்கில்தான். ஒரு போர்டு என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கும்போது ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பெரியவர்கள் நான்கு பக்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் கொண்டுவந்து, ரேட் இப்போதே சொல்லிவிடு தம்பி என்று உட்கார்ந்துகொண்டால் விரல் போதாது. ஒரு தடவை நான் பட்டியலை அப்படியே டபிள்யூசிக்குக் கொடுத்து, அது சொன்ன எண்ணைப் பெருக்கி விலை சொல்லிவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தப் பெரியவர் கோபப்படவில்லை, முதல் மூன்று பெயரை மட்டும் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார். அவர் எண்ணியதுதான் சரி. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஆரம்பித்த வேலை இது.

அப்படியானால் டபிள்யூசி தமிழைத் தப்பாக எண்ணுகிறதா?

இல்லை, அது தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே எண்ணுகிறது. டபிள்யூசி இன்று நேற்று வந்ததில்லை, 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே உண்டு. அந்தக் காலத்தில் ஒரு எழுத்து என்றால் ஒரு பைட், அதாவது கணினிச் சேமிப்பின் ஒரு சின்ன அலகு. இப்போது அதில் இரண்டு விதமான எண்ணிக்கை இருக்கிறது. கட்டளைக்குப் பின்னால் எந்த விருப்பத்தைச் சேர்த்து அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. சி விருப்பம் பைட்டை எண்ணும், எம் விருப்பம் யூனிகோட் குறியெண்களை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தந்திருக்கும் எண்களை, எண்ணும். நாம் 'எழுத்து' என்று சொல்வது இந்த இரண்டும் இல்லை.

கோத்தகிரி என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கோ, த், த, கி, ரி என்று ஐந்து எழுத்து. யூனிகோடில் க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று ஒன்பது. குறியெண்ணைப் பைட்டாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக இருபத்தேழு. ஐந்து, ஒன்பது, இருபத்தேழு மூன்றுமே சரியான விடைதான், கேள்விதான் வேறு. உதகமண்டலம் நமக்கு எட்டு எழுத்து, யூனிகோடுக்குப் பத்து. கொடைக்கானல் நமக்கு ஆறு, யூனிகோடுக்குப் பதினொன்று. கொம்பும் காலும் புள்ளியும் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வித்தியாசம் கூடும், அதனால் 'எம் எண்ணில் பாதி' என்கிற மாதிரிக் குத்துமதிப்புக் கணக்கும் உதவாது.

இன்னொன்று. எக்கோ கட்டளையால் ஒரு சொல்லை டபிள்யூசிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, ஒன்பது வரவேண்டிய இடத்தில் பத்து வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். எக்கோ கடைசியில் ஒரு வரிமுறிவையும் சேர்த்து அனுப்புகிறது, அதுதான் அந்த ஒன்று. பிரிண்ட்எஃப் வழியாக அனுப்பினால் வராது.

சோர்ஸைத் தொடாமலே இதைச் செய்ய முடியாதா?

முடியும். முதலில் அதைத்தான் செய்து பார்க்க வேண்டும். தேடுவதற்கான கட்டளையான குனு கிரெப்பில் பெர்ல் பாணித் தேடலுக்கான பெரிய பி விருப்பத்தையும், கிடைத்ததை மட்டும் காட்டும் ஓ விருப்பத்தையும் சேர்த்து, பின்சாய்கோடு போட்டுப் பெரிய எக்ஸ் என்று தேடச் சொன்னால் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி வரியில் துப்பும். அந்த வரிகளை எண்ணிவிட்டால் முடிந்தது. இல்லையென்றால் செட் (எஸ், இ, டி என்று அடிப்பது) கட்டளையால் குறிகளையெல்லாம் அழித்துவிட்டு மிச்சத்தை எண்ணலாம். இதை உங்கள் பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) அமைப்புக் கோப்பில் ஒரு சின்ன ஃபங்ஷனாக எழுதி ஒரு பெயர் கொடுத்துவிட்டால், பார்வைக்குப் புதுக் கட்டளை மாதிரியே இருக்கும். நானே சில மாதம் அப்படித்தான் ஓட்டினேன். உங்களுக்கு இது போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மனதார சொல்கிறேன். சோர்ஸை மாற்றினால் அதைக் காலம்பூராவும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஏன் போதவில்லை என்றால், ஒரே நேரத்தில் இருபது கோப்புகளைக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் கடைசியில் மொத்தமும் வேண்டும். வரி எண்ணிக்கையும் பக்கத்திலேயே வேண்டும், ஒரு வரிக்கு ஒரு ஆள் என்பதால் எத்தனை பேர் என்று அதிலிருந்துதான் தெரியும். இடைவெளிக்குக் காசு இல்லை, அதனால் அதை எண்ணக் கூடாது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒரே எழுத்தாக எண்ண வேண்டும். ஒவ்வொன்றையும் ஃபங்ஷனுக்குள் சேர்க்கச் சேர்க்க அது டபிள்யூசியைவிடப் பெரிதாகிவிட்டது. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறப்பது, மொத்தம் போடுவது, கோப்பு இல்லையென்றால் சொல்வது எல்லாம் டபிள்யூசியில் ஏற்கெனவே இருக்கிறது. எனக்குப் பிடிக்காதது அதில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக மற்றதையெல்லாம் நான் திரும்ப எழுதுவது முறையில்லை என்று தோன்றியது.

எந்த டபிள்யூசியை எடுப்பது? ஒன்றுதானே இருக்கிறது?

நிறைய இருக்கிறது. உபுண்டு, டெபியனில் ஒரு கட்டளை எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று டிபிகேஜியிடம் பெரிய எஸ் விருப்பம் போட்டுக் கேட்டால் சொல்லும். டபிள்யூசி வழக்கமாகக் குனு கோர்யூட்டில்ஸ் என்ற தொகுப்பிலிருந்து வரும், அதை முதலில் எழுதியவர்கள் பால் ரூபினும் டேவிட் மெக்கன்சியும். மிக நல்ல நிரல், ஆனால் மாற்றிப் பழக ஏற்றதில்லை. 2021-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து வரி எண்ணுவதற்கு ப்ராசஸரின் ஏவிஎக்ஸ்2 வசதியைக்கூடப் பயன்படுத்துகிறது, அவ்வளவு வேகத்துக்காகச் செதுக்கியது. ஒரு சின்ன வரியைத் தொட்டாலும் மொத்தத் தொகுப்பையும் கான்ஃபிகர் செய்து கட்ட வேண்டும், அதாவது ஓடும் நிரலாக மாற்ற வேண்டும். எங்கள் பழைய லேப்டாப்பில் அதைக் கட்டி முடிப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

பிசிபாக்ஸில் ஒரு டபிள்யூசி உண்டு, சின்னதுதான், ஆனால் எல்லாக் கட்டளையும் ஒரே பைனரிக்குள் (கட்டி முடித்த நிரல் கோப்புக்குள்) அடங்குகிற அமைப்பு என்பதால் அதன் சட்டதிட்டம் தனி.

நான் எடுத்தது சக்லெஸ் குழுவின் எஸ்பேஸ் தொகுப்பில் இருப்பதை. கட்டளைக்கு ஒரு கோப்பு, டபிள்யூசி முழுவதும் நூறு வரியை ஒட்டித்தான் வரும். ஒரே மூச்சில் படித்துவிடலாம். இன்னொரு நன்மை, அது எப்போதும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது, லோக்கேலை (கணினியின் மொழி, எழுத்துமுறை அமைப்பை) பார்ப்பதில்லை. குனு டபிள்யூசி லோக்கேலைப் பார்த்துத்தான் எண்ணும். டெர்மினலில் ஒன்பது சொன்ன அதே கட்டளை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் தானாக ஓடும்போது இருபத்தேழு சொல்லும், ஏனென்றால் கிரானில் பல நேரம் லோக்கேல் அமைந்திருக்காது. எதற்கு எண் மாறுகிறது என்று தெரியாமல் இரண்டு நாள் முழித்திருக்கிறேன்.

எனக்கு சி மொழி தெரியாது. என்னால் முடியுமா?

முழு நிரலும் புரிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். மாற்ற வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு எளிய வழி இருக்கிறது. நிரல் திரையில் காட்டுகிற ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, பயன்படுத்தும் முறையைச் சொல்லும் உதவி வரியாக இருக்கலாம், கடைசியில் வரும் மொத்தம் என்ற சொல்லாக இருக்கலாம், அதைச் சோர்ஸுக்குள் கிரெப் செய்து தேடுங்கள். அது இருக்கும் இடத்திலிருந்து மேலும் கீழும் படித்தால் எங்கே வாசிக்கிறது, எங்கே எண்ணுகிறது என்பது தானாகத் தெரியும். பிறகு சந்தேகப்படுகிற இடத்தில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வந்தால் இடம் சரி. எங்கள் கடையில் வேலை பார்க்கிற தம்பி பி.காம். படித்தவன், சி மொழியை அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததில்லை, இப்படியே ஒரு மத்தியானத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் கட்டாயம். மாற்றாத சோர்ஸை அப்படியே ஒருமுறை மேக் கொடுத்துக் கட்டி, ஓடுகிறதா என்று பாருங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். பிறகு பிழை வந்தால் நாம் செய்த மாற்றத்தாலா, கம்பைலரே சரியாக இல்லையா என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

சரி, என்னதான் மாற்றினீர்கள்?

எஸ்பேஸ் டபிள்யூசியின் உள்ளே ஒரு சுற்று இருக்கிறது. கோப்பிலிருந்து ஒரு ரூனை வாசி, எண்ணிக்கையைக் கூட்டு, வரிமுறிவு என்றால் வரியைக் கூட்டு, இடைவெளி என்றால் சொல் முடிந்தது, அடுத்ததை வாசி. ரூன் என்பது யூனிகோட் குறியெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர், பிளான் 9 என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. யூடிஎஃப்-8 முறையையே 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அந்த இயங்குதளத்துக்காகத்தான் உருவாக்கினார்கள்.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944-இலிருந்து 3071 வரை. அதில் துணைக்கால் தொடங்கிப் புள்ளி வரை, எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் குறிகள் எல்லாம் 3006-க்கும் 3021-க்கும் நடுவில் இருக்கின்றன. கூடுதலாக 3031-இல் ஔகாரத்தின் வால் தனியாக ஒன்று. ஆக விதி இவ்வளவுதான்: வாசித்த ரூன் இடைவெளியாகவோ வரிமுறிவாகவோ இருந்தாலோ, 3006-இலிருந்து 3021-க்குள் இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ எண்ணிக்கையைக் கூட்டாதே. க என்பது 2965, அது எண்ணப்படும். அதன் மேல் வருகிற கொம்போ காலோ எண்ணப்படாது. கோ என்பதும் ஒன்று, க் என்பதும் ஒன்று, க என்பதும் ஒன்று. ஆய்த எழுத்து 2947-இல் தனியாக இருக்கிறது, அது குறி இல்லை, எழுத்தாகவே எண்ணப்படும்.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் போடலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எம் விருப்பம் இரண்டுக்கும் வேறு வேறு எண் சொல்லும். கொடைக்கானல் ஒரு கோப்பில் பதினொன்று என்றும் இன்னொரு கோப்பில் பன்னிரண்டு என்றும் வரும். நம் விதியில் எது வந்தாலும் ஆறுதான்.

விருப்பத்தைச் சேர்ப்பது அதைவிட எளிது. ஆர்க்பிகின் என்ற மேக்ரோவுக்கு அடியில் விருப்பங்கள் வரிசையாக இருக்கும். எம் விருப்பத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்களோ அதைப் பார்த்து அதே பாணியில், அதே அளவு இடம் விட்டு, தமிழுக்கு ஒரு டி விருப்பம் சேர்த்தேன். உதவி வரியிலும் மேன் பக்கத்திலும் (கட்டளையின் கையேட்டில்) அதைச் சொல்லிவிட்டேன். மேன் பக்கத்தை மறந்துவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்து நாமே அதைத்தான் திறந்து பார்ப்போம்.

புதிதாக டி எதற்கு? எம் விருப்பத்தையே மாற்றியிருக்கலாமே?

கூடாது. எம் என்றால் என்ன வரும் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் உலகமெங்கும் இருக்கின்றன, உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. இருக்கிற சொல்லின் பொருளை மாற்றாமல் புதுச் சொல் ஒன்று சேர்ப்பதுதான் நல்லது. டி போடாமல் ஓட்டினால் என்னுடைய டபிள்யூசியும் பழைய டபிள்யூசியும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். அதைச் சோதித்தும் பார்க்கிறேன்.

க்ஷ, ஸ்ரீ என்ன ஆகிறது?

இங்கேதான் நேரம் போனது. க்ஷ என்பது க, புள்ளி, ஷ என்று மூன்று குறியெண். மேலே சொன்ன விதிப்படி இரண்டு எழுத்து வரும். ஆனால் போர்டில் வெட்டுவது ஒரே வடிவம். லட்சுமி என்று எழுதினால் பிரச்சினை இல்லை, லக்ஷ்மி என்று எழுதுகிற எஸ்டேட்டும் லாட்ஜும் இங்கே ஏராளம். அதனால் கடைசியாக வாசித்த ரூன்களை நினைவில் வைத்துக்கொள்ள மூன்று மாறிகள் சேர்த்தேன். இப்போது வந்தது ஷ, அதற்கு முன் புள்ளி, அதற்கும் முன் க என்றால் எண்ணிக்கையைக் கூட்டாதே.

ஸ்ரீ இன்னும் கொஞ்சம் சுற்றல். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு வரிசையாக வந்தால் ஏற்கெனவே இரண்டு என்று எண்ணியிருப்போம், ஈகாரக் குறி வரும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். அத்தோடு முடியவில்லை. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து 2998-இல் சேர்ந்தது, அதிலிருந்து ஸ்ரீ என்பதை அதை வைத்தும் எழுதலாம். பழைய ஸ 3000-இல் இருக்கிறது. சில கீபோர்டு இதைத் தரும், சில அதைத் தரும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்ரீனிவாசன், ஸ்ரீதர் என்று பட்டியலில் பத்துப் பேர் இருந்தால் பத்து எழுத்துக்கூலி வித்தியாசம்.

ஒட்டவிடாமல் பிரித்துக் காட்டுவதற்கென்று கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று 8204-இல் உண்டு, சேர்ப்பதற்கு 8205. இவை இரண்டையும் எண்ணக் கூடாது. நடுவில் 8204 வந்தால் க்ஷ வரிசை தானாக உடைந்து இரண்டாகவே எண்ணப்படும், திரையிலும் பிரிந்துதான் தெரியும் என்பதால் அதுவே சரி.

எனக்கு எப்போதும் ஒன்று கூடுதலாக வருகிறதே?

கோப்பு விண்டோஸ் நோட்பேடிலிருந்து வந்ததா பாருங்கள். கோப்பின் தலையில் 65279 என்ற குறியெண் ஒன்றை அது வைத்திருக்கலாம், திரையில் எதுவும் தெரியாது. குன்னூர் நண்பர் ஒருவர் அனுப்பிய எல்லாக் கோப்பிலும் மிகச் சரியாக ஒன்று கூடியது, கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதையும் எண்ணாதவற்றில் சேர்த்துவிட்டேன். எண் பிசகினால் யோசித்துக்கொண்டே உட்காராமல் கோப்பை ஹெக்ஸ்டம்ப்பில் திறந்துவிடுங்கள்.

அப்புறம், ஒளவை என்று எழுதும்போது ஔ என்ற ஓரெழுத்தை அடிக்காமல் ஒ, ள என்று இரண்டாக அடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. நிரல் அதை இரண்டு என்றுதான் சொல்லும். இதைத் திருத்த நான் முயலவில்லை, ஒளி, ஒளிவு என்பதெல்லாம் ஒழுங்கான தமிழ்ச் சொற்கள், அவற்றில் கைவைத்தால் சரியாக இருப்பதும் கெட்டுவிடும். பட்டியலைத்தான் திருத்த வேண்டும்.

பாமினி ஃபாண்டில் அடித்த பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. எண்ணுமா?

எண்ணாது. பாமினியில் அடித்தது கணினிக்கு ஆங்கில எழுத்துதான், ஃபாண்ட் மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் நான்கைந்து வரியைக் கண்ணால் சரிபாருங்கள், கொம்பு இடம் மாறிவிடுவது சகஜம். டேஸ் 16 முறையில் இருப்பவை மட்டும் விதிவிலக்கு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்றது அது, அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் உண்டு. அதனால் மாற்றாத டபிள்யூசியின் எம் விருப்பமே எழுத்தைச் சரியாக எண்ணிவிடும்.

சரியாக எண்ணுகிறது என்று எப்படி நம்புவது?

காசு விஷயம், நம்பிவிடக் கூடாது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, பக்கத்தில் கையால் எண்ணிய விடையையும் எழுதி வைத்திருக்கிறேன். குன்னூர் நான்கு, கூடலூர் நான்கு, ஜெகதளா நான்கு, கோத்தகிரி ஐந்து, கொடைக்கானல் ஆறு, ஹெத்தையம்மன் ஏழு, உதகமண்டலம் எட்டு. அதோடு லக்ஷ்மி, இரண்டு வித ஸ்ரீ, வெறும் கோப்பு, கடைசியில் வரிமுறிவு இல்லாத கோப்பு, தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்த கோப்பு. ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஓட்டி, கையால் எண்ணியதோடு ஒப்பிட்டு, ஒன்று பிசகினாலும் சத்தம் போடும். சோர்ஸில் ஒரு எழுத்தை மாற்றினாலும் இதை ஓட்டாமல் விடுவதில்லை. புதிதாக ஏதாவது பிழை தெரியவந்தால் திருத்துவதற்கு முன்பே அந்தச் சொல்லை இந்தக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.

மாற்றிய கட்டளையை எங்கே வைப்பது?

கணினியின் பழைய டபிள்யூசி மேல் மட்டும் வைக்காதீர்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன், சுடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) நேராகக் காப்பி. இரண்டு வாரம் கழித்து வழக்கமான அப்டேட் வந்து அதைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டது, டி விருப்பம் தெரியாது என்று நிரல் சொன்னபோது கவுண்டருக்கு எதிரே ஆள் நின்றுகொண்டிருந்தார். அதைவிடப் பெரிய ஆபத்து, கணினியின் மற்ற ஸ்கிரிப்டுகளும் அதே டபிள்யூசியை நம்பி ஓடுகின்றன.

உங்கள் ஹோமுக்குள் லோக்கல், அதற்குள் பின் என்ற அடைவு இருக்கும், இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதைப் பாத் மாறியில் (கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியலில்) சேர்த்து அங்கே வையுங்கள். பெயரையும் மாற்றிவிடுங்கள். என்னுடையதன் பெயர் டிடபிள்யூசி. வேறு பெயர் என்றால் எதை ஓட்டுகிறோம் என்ற குழப்பமே இல்லை.

மூல நிரலின் புதுப் பதிப்பு வந்தால் என் மாற்றம் என்ன ஆகும்?

சோர்ஸை கிட் (மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் நிரல்) வழியாக எடுத்திருந்தால் இது எளிது. முதல் நாளே உங்கள் பெயரில் ஒரு கிளையை உருவாக்கி, மாற்றத்தை அதில் சின்னச் சின்னக் கமிட்டாக (பதிவாக) வையுங்கள். விதி ஒரு கமிட், க்ஷவும் ஸ்ரீயும் ஒரு கமிட், மேன் பக்கம் ஒரு கமிட். புதுப் பதிப்பு வரும்போது ரீபேஸ் செய்தால் உங்கள் மாற்றங்கள் புதியதன் மேல் ஒவ்வொன்றாக ஏறும். எங்காவது இடித்தால் எது இடிக்கிறது என்று தெரியும்.

கிட் வேண்டாம் என்றால் பழைய கோப்பு, புதுக் கோப்பு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டிஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேட்ச் கட்டளையால் திரும்ப ஏற்றலாம். பெர்ல் மொழியைத் தந்த லாரி வால் 1985-இல் எழுதியது அந்தப் பேட்ச். வரி எண் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாலும் சுற்றியுள்ள வரிகளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்காகத்தான் சொல்கிறேன், மாற்றும்போது கண்ணில் படுவதையெல்லாம் அழகுபடுத்தாதீர்கள். இடைவெளி சரியில்லை, மாறியின் பெயர் பிடிக்கவில்லை என்று கைவைத்தீர்களானால் அந்த ஒவ்வொரு வரியும் அடுத்த பதிப்பில் இடிக்கும். என் பேட்ச் ஐம்பது வரியைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் இத்தனை நாள் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.

அடுத்தவர் எழுதியதை மாற்றலாமா? சட்டம் ஒத்துக்கொள்ளுமா?

உரிமக் கோப்பைப் படியுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம்தான். எஸ்பேஸ் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, பதிப்புரிமை வரிகளையும் உரிமத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். கோர்யூட்டில்ஸ் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது, பிசிபாக்ஸ் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. ஜிபிஎல் என்றால் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. உங்கள் கடைக்குள் மாற்றி நீங்கள் ஓட்டும் வரை யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. மாற்றிய பைனரியை இன்னொருவருக்குக் கொடுத்தால் அவருக்குச் சோர்ஸும் கிடைக்கச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த உரிமம் பிறந்ததே இப்படி ஒரு தேவையில்தான். எம்ஐடி ஆய்வகத்தில் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி நிரலை மாற்றி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். பிறகு வந்த லேசர் பிரிண்டருக்குச் சோர்ஸ் தரப்படவில்லை, அதே திருத்தத்தை அதில் செய்ய முடியாமல் போனது. 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். காகிதம் சிக்குவது, எழுத்து எண்ணுவது என்று எல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் தினம் அதோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மூல ஆசிரியர்களுக்கு அனுப்பிவைத்தீர்களா?

இல்லை. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒரே எழுத்தாக எண்ணுவது என் கடைக் கணக்கு. இலக்கண ஆசிரியர் ஒருவர் இதே நிரலைப் பயன்படுத்தினால் அவருக்கு அது வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தினால் கட்டாயம் அனுப்ப வேண்டும், அதைத் தனியான சின்னப் பேட்சாக அனுப்ப வேண்டும். சொந்த வசதிக்குச் செய்ததைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. கேட்கிறவர்களுக்குப் பேட்சைக் கொடுக்கிறேன்.

இணையம் இல்லாதபோதும் இதெல்லாம் செய்ய முடியுமா?

முடியும், செய்துமிருக்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்காவது மரம் விழும், மண் சரியும், கரண்டும் இணையமும் போய்ப் போய் வரும். சோர்ஸ், கம்பைலர், மேன் பக்கங்கள் மூன்றும் கணினியில் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். சி மொழி ஃபங்ஷன்களுக்கான மேன் பக்கங்கள் உபுண்டுவில் தனிப் பேக்கேஜ், வெயில் அடிக்கும்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். க்ஷ திருத்தத்தை அப்படி ஒரு மழை நாளில் லேப்டாப் பேட்டரியில்தான் எழுதினேன்.

படுக மொழியில் எழுதியதை எண்ணுமா?

தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் எண்ணும். நிரலுக்கு மொழி தெரியாது, குறியெண் மட்டுமே தெரியும். ஹட்டிப் பெயர்களில் ஹ நிறைய வரும், அதுவும் மற்ற எழுத்து மாதிரியே எண்ணப்படும். கன்னட எழுத்தில் எழுதியதைக் கொடுத்தால் எண் தவறும், கன்னடக் குறிகள் வேறு இடத்தில் இருக்கின்றன, அவற்றை நான் சேர்க்கவில்லை.

வரியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போடும் ரெவ் கட்டளையும் தமிழைக் குதறுகிறதே?

ஆமாம், அதே காரணம்தான். மலை என்று கொடுத்தால் ஐகாரக் குறியை முதலில் தூக்கி வைத்துவிட்டு, பிறகு ல, பிறகு ம என்று போடும். லைம என்று வரவேண்டும். அங்கே எண்ணாமல் விட்டால் போதாது, குறி வந்தால் அதை அதன் எழுத்தோடு சேர்த்தே நகர்த்த வேண்டும். எஸ்பேஸில் ரெவ்வும் சின்னக் கோப்புதான். மேலே சொன்ன 3006, 3021, 3031 அங்கேயும் அப்படியே பொருந்தும். வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கி வரும்போது குறியாக இருந்தால் இன்னும் ஒரு படி பின்னால் போய், அதற்குரிய எழுத்தையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். கடைத் தம்பி இப்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறான்.